தகரம் சேரும் இடம்: ஏசி டக்ற் மூட்டுகளும் யாழ்ப்பாணத்து வியர்வையும்

நகரத்துக்கு வெளியே ஒரு கலியாண மண்டபம். ஆவணி மாதம், முகூர்த்தம் முடிந்து பந்தி நடக்கிறது. சீலிங்கிலிருந்து வாழையிலைக்கு மேலே சொட்டுச் சொட்டாகத் தண்ணீர். வெளியில் மழையின் அடையாளமே இல்லை. மண்டபக்காரர் முதலில் கூரை வேலைக்காரரைக் கூப்பிட்டார். அவர் ஏறிப் பார்த்துவிட்டுக் கூரையில் ஒன்றுமில்லை என்று இறங்கினார். பிறகு ஏசி பூட்டியவர்கள் வந்து வடிகுழாயைப் பார்த்து அதுவும் சரி என்றார்கள். மூன்றாவதாகத்தான் என்னைக் கூப்பிட்டார்கள். சீலிங் பலகை ஒன்றைத் தூக்கி ரோர்ச் அடித்தேன். ஏசியின் குளிர்காற்றைக் கொண்டுபோகும் தகரப் பெட்டிக்குழாய்தான் டக்ற். அது முழுவதும் வெள்ளி நிறப் போர்வைக்குள் உலர்ந்து கிடந்தது. நாலடிக்கு ஒரு தடவை, துண்டும் துண்டும் சேரும் இடத்தில் மட்டும் நீர் முத்துக் கோத்து நின்றது.

வேலை தொடங்குமுன் கொடுத்த விலைப் பத்திரத்தை வாங்கிப் பார்த்தேன். “22 கேஜ் ஜிஐ டக்ற், 25 மில்லிமீற்றர் இன்சுலேசன், சதுர அடி இவ்வளவு” என்று இருந்தது. துத்தநாகம் (நாகம்) பூசிய ஜிஐ தகட்டின் தடிப்பு கேஜ் கணக்கில் இருக்கிறது, இன்சுலேசன் என்ற போர்வையின் தடிப்பு இருக்கிறது. இரண்டு துண்டையும் எதைக் கொண்டு சேர்ப்பார்கள் என்று ஒரு சொல்கூட இல்லை. யாழ்ப்பாணத்தில் நான் பார்த்த விலைப் பத்திரங்களில் முக்கால்வாசி இப்படித்தான். ஆனால் காற்று ஒழுக்கும், குளிர்ந்த தகட்டில் நீர் கோக்கும் வியர்வையும், துருவும் முதலில் தலை காட்டுவது அந்த எழுதாத இடத்தில்தான்.

மூட்டு என்றால் இரண்டு துண்டைச் சேர்ப்பது, காற்றுப் போகாமல் அடைப்பது, அவ்வளவுதானே என்று தோன்றும். இன்னொரு வேலையும் அதற்கு உண்டு. தகட்டை விறைப்பாகப் பிடித்து வைத்திருப்பதும் மூட்டுத்தான். ஒரு மீற்றர் அகலமான டக்ற், ஒரு துண்டின் நீளம் 1.2 மீற்றர், உள்ளே 500 பாஸ்கல் அழுத்தம் என்று வைத்துக்கொள்ளுங்கள். மேல் தகட்டை மட்டும் காற்று 600 நியூற்றன் விசையில் தள்ளும், கிட்டத்தட்ட 60 கிலோ. ஒரு சீமெந்துப் பை 50 கிலோ. அந்தப் பாரத்தை ஒரு மில்லிமீற்றர்கூட இல்லாத தகரம் தாங்க வேண்டும். விசிறி ஓடத் தொடங்கும்போதும் நிற்கும்போதும் சீலிங்குக்கு மேலே “டொம்” என்று ஒரு சத்தம் கேட்டால், தகடு உப்பிச் சுருங்குகிறது, பிடித்து நிறுத்த அங்கே ஒன்றும் இல்லை என்று அர்த்தம். பிளாஞ்சு என்பது துண்டின் வாயைச் சுற்றி வெளியே நீட்டி நிற்கும் விளிம்பு. அது உள்ள டக்ற்றில் அந்தப் பிளாஞ்சே ஒரு சட்டம் போல நின்று பிடிக்கும். பிளாஞ்சு இல்லாத மூட்டில் அதைத் தனியாகக் கொடுக்க வேண்டும்.

பிளாஞ்சு இல்லாத மூட்டிலிருந்தே தொடங்குகிறேன். எங்கள் ஊர்த் தகர வேலைக்கு அது பழகிய முறை. வாளியின் அடித்தட்டைச் சுவரோடு பொருத்தும்போது தகரத்தை மடித்து, மடிப்புக்குள் மடிப்பை மாட்டித் தட்டி இறுக்குவார்கள். எஸ் சிலிப்பும் டிறைவ் கிளீற்றும் அதே கைதான். தகரப் பட்டி ஒன்றை எஸ் வடிவில் மடித்தால் முன்னும் பின்னுமாக இரண்டு வாய் கிடைக்கும். ஒரு வாய்க்குள் இந்தத் துண்டின் விளிம்பு, மற்ற வாய்க்குள் அடுத்த துண்டின் விளிம்பு. மேலும் கீழும் உள்ள அகலப் பக்கங்களுக்கு அது. இரண்டு பக்கச் சுவர்களிலும் விளிம்பை வெளிப்பக்கம் மடித்துவிட்டு, டிறைவ் கிளீற் என்ற சி வடிவப் பட்டியை மேலிருந்து சுத்தியலால் தட்டி இறக்குவார்கள். கடைசியில் அதன் வாலை மூலைக்கு மேல் மடித்து அடிப்பார்கள். மெசின் வேண்டாம், போல்ற் வேண்டாம், வெட்டி மிஞ்சிய தகரமே போதும். சின்ன டக்ற், அரை மீற்றருக்குள் அகலம், குறைந்த அழுத்தம் என்றால் இதை யாரும் ஏளனமாகப் பார்க்கத் தேவையில்லை. இதன் பலவீனம் மூலைகள். நாலு மூலையிலும் இரண்டு வகைப் பட்டி சந்திக்கும் இடத்தில் ஒரு ஓட்டை கட்டாயம் இருக்கும். அதைச் சீலன்ற் என்ற அடைப்புப் பசை பூசித்தான் அடைக்க வேண்டும். அகலம் கூடக் கூட இந்த மூட்டு தளர்ந்துகொண்டே போகும்.

அடுத்தது ஆங்கிள் இரும்பு. இது பழைய ராசா. 25க்கு 25, தடிப்பு 3 மில்லிமீற்றர் ஆங்கிளை வெட்டிச் சட்டமாக வெல்டிங் செய்து, டக்ற்றின் வாயில் மாட்டி றிவெற் அடித்து, தகட்டின் விளிம்பைச் சட்டத்தின் முகத்துக்கு மேல் ஒரு சென்ரிமீற்றர் மடித்துவிடுவார்கள். இரண்டு சட்டத்துக்கும் நடுவில் காற்றுப் போகாமல் அழுந்தி அடைக்கும் கஸ்கெற், சுற்றிவர போல்ற். எந்த வெல்டிங் கடையிலும் செய்யலாம். யானை ஏறி நின்றாலும் அசையாது என்று சொல்லி விற்பார்கள், அது பொய்யும் இல்லை.

பாரம்தான் பிரச்சினை. அந்த ஆங்கிள் மீற்றருக்கு 1.1 கிலோவுக்குச் சற்று மேலே. ஆயிரத்துக்கு ஐந்நூறு மில்லிமீற்றர் டக்ற்றின் சுற்றளவு மூன்று மீற்றர். மூட்டுக்கு இரண்டு சட்டம், ஏழு கிலோ அளவு. முப்பது மீற்றர் ஓட்டத்துக்கு 24 மூட்டு என்றால் 160 கிலோ இரும்பு, தகட்டின் பாரம் சேராமல். 150 மில்லிமீற்றருக்கு ஒரு போல்ற் வைத்தால் மூட்டுக்கு 20, மொத்தம் 480 போல்ற். ஏணியில் நின்று, தலையை அண்ணாந்து, ஸ்பானர் பிடித்து. செய்தவனுக்குத்தான் தெரியும் கழுத்துவலி.

பாரத்துக்குப் பிறகு துரு. வெல்டிங் வைத்த இடத்தில் நாகப் பூச்சு நிற்காது. துத்தநாகம் 419 பாகையில் உருகி 907 பாகையில் கொதித்து ஆவியாகிவிடும், வெல்டிங் தணலோ அதற்கு எவ்வளவோ மேலே. கறுப்பு ஆங்கிள் என்றால் பூச்சே இல்லை. யாழ்ப்பாணக் குடாநாட்டில் எங்கே நின்றாலும் கடலோ கடல்நீரேரியோ பத்துக் கிலோமீற்றருக்குள் வந்துவிடும். சோளகம் வீசினாலும் வாடை வீசினாலும் உப்பு வரும். சட்டத்தை டக்ற்றில் ஏற்றுமுன், தரையில் வைத்தே, வெல்டிங் கசடைத் தட்டிச் சுரண்டி, நாகம் கலந்த பெயின்றை இரண்டு தடவை பூச வேண்டும். ஏற்றிய பிறகு பூசினால் தகட்டோடு ஒட்டியிருக்கும் பக்கத்துக்குத் தூரிகை போகாது. துரு தொடங்குவது அந்தப் பக்கத்தில்தான்.

இந்தப் பாரத்தையும் நேரத்தையும் குறைக்கத்தான் அமெரிக்காவில் உருட்டிய பிளாஞ்சு வந்தது. லொக்ஃபோமர் கொம்பனி தன்னுடையதை ரிடிசி என்றது, ஏங்கெல் கொம்பனி தன்னுடையதை ரிடிஎஃப் என்றது. பிற்காலத்தில் இரண்டு பெயரும் மெஸ்ரெக் என்ற ஒரே குடையின் கீழ் வந்துவிட்டன. எங்கள் பக்கத்தில் எல்லாவற்றுக்கும் ரிடிஎஃப் என்பதே பெயர். இரண்டின் வடிவமும் அச்சொட்டாக ஒன்றில்லை. ஒன்றின் மூலைத்துண்டு மற்றதில் சரியாக உட்காராது. மூலைத்துண்டு முடிந்துபோய்க் கடையில் கிடைத்ததை வாங்கி அடித்து உள்ளே தள்ளிய வேலைகளை நான் கண்டிருக்கிறேன். அந்த மூலைகள் விசில் அடிக்கும்.

இதில் பிளாஞ்சுக்கென்று தனி இரும்பு கிடையாது. டக்ற்றின் தகட்டையே மெசின் உருளைகளுக்குள் விட்டு, விளிம்பைப் பிளாஞ்சாக மடித்துவிடும். மூலைகளில் மட்டும் அழுத்தி எடுத்த மூலைத்துண்டு போடுவார்கள். மூட்டுக்கு நாலு போல்ற், நடுவில் கிளிப்புகள். மேலே போட்ட கணக்கில் 480 போல்ற் 96 ஆகிவிடும். வேகம், ஒழுங்கு, பாரக் குறைவு எல்லாம் உண்டு. விலையும் உண்டு: நாலடிச் சுருளில் இரண்டு முனையிலுமாகச் சேர்ந்து பத்துச் சென்ரிமீற்றர் அளவு பிளாஞ்சுக்குள் போய்விடுவதால் கையில் கிடைக்கும் துண்டு 1.12 மீற்றர்தான். மூட்டுகளின் எண்ணிக்கை கூடும். ஒரு மில்லிமீற்றர் தாண்டிய தடித்த தகட்டைச் சாதாரண மெசின்கள் உருட்ட மாட்டா.

பிறகு, மாட்டிப் பூட்டும் பிளாஞ்சு. ஜேர்மனியின் மெற்ஸ், அமெரிக்காவின் டக்ற்மேற் ஆகிய பெயர்களில் உலகம் முழுக்கப் பரவியது. தனியாக உருட்டிய கம்பி போன்ற பட்டிகளாக வரும், உயரம் 20, 30, 40 மில்லிமீற்றர் என்று அளவுகள். நீளத்துக்கு வெட்டி, நாலு மூலைத்துண்டோடு சட்டமாக்கி, டக்ற்றின் வாயில் தள்ளிவிட வேண்டும். பட்டிக்குள்ளேயே பிசின் போன்ற அடைப்பு ஓடும், தகட்டின் விளிம்பு அதற்குள் புதையும். பிறகு ஸ்குறூவோ ஸ்பொட் வெல்டிங்கோ. பொருள் விலை கூட. ஆனால் தகட்டின் முழு நீளமும் கிடைக்கும், விறைப்பு நல்லது, தடித்த தகட்டுக்கும் போடலாம். மெசின் வேண்டாம், வெட்டும் சக்கரம் ஒன்று போதும்.

யாழ்ப்பாணத்தில் இருந்து யோசித்தால் இந்த இரண்டுக்கும் நடுவில், யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 வீதி வந்து நிற்கிறது. கொழும்பிலிருந்து இங்கே 400 கிலோமீற்றர். டக்ற் என்பது நாலு பக்கமும் தகரம், நடுவில் வெறுமை. செய்து முடித்த டக்ற்றை லொறியில் ஏற்றினால் காற்றுக்குத்தான் லொறிக் கூலி கொடுக்கிறோம். போகும் வழியில் பிளாஞ்சின் வாய் நசுங்கி வரும், அதை நிமிர்த்த ஒரு நாள் போகும். 2006 முதல் 2009 வரை போரால் அந்த வீதி அடைபட்டுக் கிடந்த காலத்தை நினைத்தால், ஒரு பொருள் எந்த வடிவில் வருகிறது என்பதை இந்த ஊர்க்காரர் ஏன் இரண்டு தரம் யோசிக்கிறார்கள் என்பது விளங்கும்.

உருட்டிய பிளாஞ்சிலும் ஒரு வழி இருக்கிறது, பலர் கேட்பதில்லை. தட்டையான தகட்டிலேயே பிளாஞ்சை உருட்டிவிட்டுத்தான் மடிக்கிறார்கள். அதனால் எல் வடிவத்தில் பாதி பாதியாக வாங்கலாம். ஒன்றுக்குள் ஒன்று அடுக்கினால் ஒரு லொறியில் பல மடங்கு ஏறும். இங்கே இறக்கிய பிறகு இரண்டு எல் துண்டையும் சேர்த்து நெடுக்கு மடிப்பைத் தட்டிப் பூட்டினால் பெட்டி தயார். அந்த மடிப்பைத் தட்டுவதற்கு எங்கள் தகரக்காரருக்கு யாரும் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. மாட்டும் பிளாஞ்சு என்றால் பட்டிக் கட்டும் மூலைத்துண்டுப் பெட்டியும் மட்டும் கொழும்பிலிருந்து வந்தால் போதும், தகட்டை இங்கேயே மடித்துக்கொள்ளலாம். நீள ஓட்டம் நூறு மீற்றருக்கு மேலே, அளவுகள் ஒரே மாதிரி என்றால் எல் துண்டு. சின்ன வேலை, வளைவும் கிளையும் நிறைய என்றால் மாட்டும் பிளாஞ்சு. என் கணக்கு இதுதான். வேறு மாதிரிச் சொல்பவர்களும் இருக்கிறார்கள்.

எந்தப் பிளாஞ்சு என்றாலும் பூட்டும் கையைப் பொறுத்தது பாதி. எனக்கு வேலை காட்டித் தந்த அண்ணை ஒருவர் டக்ற்றைக் கண்டதும் மூலையைத்தான் தடவிப் பார்ப்பார். “தம்பி, நடுவிலை எல்லாம் தானாப் பிடிக்கும். நாலு மூலையையும் பார், அதிலைதான் காத்துப் போகும்” என்பார். மூலைத்துண்டை உள்ளே தட்டுமுன் அதன் முதுகில் சீலன்ற் ஒரு விரல் வைக்க வேண்டும், பிறகு வைக்க வழி இல்லை. கஸ்கெற் நாடாவை ஒரு முகத்தில் மட்டும் ஒட்ட வேண்டும். மூலையில் வெட்டி முட்டவிடாமல் ஒன்றன்மேல் ஒன்று ஏற வேண்டும். ஒட்டுமுன் துணியால் துடைக்க வேண்டும். சுன்னாகம், கோண்டாவில் பக்கத்துச் செம்மண் தூசி படிந்த பிளாஞ்சில் அந்த நாடா ஒட்டினது போலத் தோன்றும், மறுநாள் தூக்கினால் பூவரசம் இலை மாதிரிக் கழன்று வரும். கிளிப்புகளைப் பொதுவாக மூலையிலிருந்து அரை அடிக்குள் முதலாவது, பிறகு அடிக்கு ஒன்று என்று போடுவோம். சீலிங்கில் கை எட்டாத பக்கத்தில் கிளிப் குறைவாக இருக்கும். எல்லா வேலையிலும் இருக்கும். முதலில் அந்தப் பக்கத்தைப் பாருங்கள்.

ஒழுக்கு எவ்வளவு என்று அளக்கவும் ஒரு முறை உண்டு. இலங்கையில் ஆலோசகர்கள் எழுதும் விபரக்கோவைகளில் அமெரிக்காவின் ஸ்மக்னா நியமமோ பிரித்தானியாவின் டிடபிள்யூ 144ஓ வரும். டிடபிள்யூ 144இல் ஏ, பி, சி என்று வகுப்புகள் உண்டு. 500 பாஸ்கலில் ஏ வகுப்பு டக்ற்றின் ஒவ்வொரு சதுர மீற்றரும் நொடிக்கு ஒன்றரை லீற்றர் காற்றை விடலாம், பி அரை லீற்றர், சி 0.17 லீற்றர். நூறு சதுர மீற்றர் டக்ற் என்றால் 153, 51, 17 லீற்றர். இவ்வளவும் நியமப்படி விடக்கூடிய அளவு. கஸ்கெற் இல்லாமல் பூட்டினால் இதைத் தாண்டும். போன காற்றை ஈடுகட்ட விசிறியை வேகமாக ஓட்டினால் செலவு அதே வீதத்தில் கூடாது, பாய்ச்சலின் மூன்றாம் அடுக்கில் கூடும். பத்து வீதம் கூடுதல் காற்றுக்கு 33 வீதம் கூடுதல் மின்சாரம். இங்கே சின்ன வேலைகளுக்கு அளக்கும் கருவி கொண்டுவர மாட்டார்கள். ஊதுபத்தி ஒன்றைக் கொளுத்தி மூட்டுமூட்டாகப் பிடித்துக்கொண்டு போனால் போதும். காற்றைத் தள்ளும் பக்கத்தில் புகை சிதறும், இழுக்கும் பக்கத்தில் உள்ளே போகும்.

சரி, வியர்வைக்கு வருவோம். வெளிக்காற்று 31 பாகை, ஈரப்பதம் 75 வீதம் என்றால் பனி படியத் தொடங்கும் வெப்பநிலை 26 பாகை. இங்கே இது அசாதாரணமான நாள் ஒன்றுமில்லை. அதைவிடக் குளிர்ந்த எந்தப் பரப்பிலும் நீர் கோக்கும். டக்ற்றுக்குள் ஓடும் காற்று 13, 14 பாகை. குளிர் போத்தலை மேசையில் வைத்தால் நடப்பதுதான் சீலிங்குக்கு மேலேயும் நடக்கும். அதைத் தடுக்கத்தான் போர்வை. ஆனால் போர்வை 25 மில்லிமீற்றர், உருட்டிய பிளாஞ்சு தகட்டுக்கு மேலே ஏறத்தாழ 35 மில்லிமீற்றர். பிளாஞ்சு போர்வைக்கு வெளியே தலை நீட்டுகிறது. போர்வை சுற்றுபவர் பிளாஞ்சுவரை கொண்டுவந்து வெட்டிவிட்டு, மறுபக்கத்தில் மீண்டும் தொடங்குவார். நடுவில் அலுமினிய ரேப் ஒரு சுற்று. ரேப் பார்வைக்குப் பளபளவென்று இருக்கும். அது மறைக்கும், குளிரைத் தடுக்காது. போல்ற் தலை இன்னும் வெளியே நிற்கும். தாங்கும் கம்பி அந்தப் பிளாஞ்சைத் தொட்டால் கம்பியும் வியர்க்கும்.

இந்த ஒரு விடயத்தில் மலிவான எஸ் சிலிப் முந்திக்கொள்கிறது. அது தட்டையானது, போர்வை அதன்மேல் வழுக்கிக்கொண்டு போய்விடும். மூலையை அடைத்துவிட்டால் சின்ன டக்ற்றில் அது குறைவாகவே வியர்க்கும். அகலமான டக்ற்றுக்கு அதைப் போட முடியாது என்பதால் பிளாஞ்சைத் தவிர்க்க வழியில்லை. ஆகவே பிளாஞ்சுக்குத் தனியாக ஒரு தொப்பி போட வேண்டும்: கறுப்பு றப்பர் இன்சுலேசனைப் பட்டியாக வெட்டி, பிளாஞ்சின் இரண்டு பக்கமும் இறங்கும்படி மடித்து, போர்வையின் மேல் ஏற்றி ஒட்டுவது. பிளாஞ்சு கசிந்தால் இதுவும் பலன் தராது. குளிர்காற்று போர்வைக்குள் புகுந்து வெளித்தாளையே குளிரவைத்துவிடும். அடைப்பு முதலில், தொப்பி பிறகு.

மண்டபங்களைப் பற்றிப் பேசும்போது அவற்றின் சமையலறையையும் சொல்ல வேண்டியிருக்கிறது. எண்ணெய்ப் புகையை வெளியே தள்ளும் டக்ற்றுக்கு மேலே சொன்ன எந்த மலிவான மூட்டும் ஆகாது. மூட்டால் எண்ணெய் வடியும், பிசின் கஸ்கெற் சூட்டில் இளகும், தீப் பிடித்தால் அதுவே திரி. அமெரிக்காவின் தீத் தடுப்பு நியமமான என்எஃப்பிஏ 96 இதற்கு 16 கேஜ் இரும்பும் 18 கேஜ் எவர்சில்வரும் கேட்கிறது. மூட்டுகள் திரவம் கசியாதபடி வெளிப்பக்கம் முழுவதும் வெல்டிங். வெல்டிங் கடைகளுக்குக் குறைவில்லாத ஊரில் ஏன் இதற்கும் ரிடிஎஃப் பூட்டுகிறார்கள் என்பது எனக்கு இன்னும் விளங்கவில்லை.

அந்தக் கலியாண மண்டபத்தில் இருந்தது உருட்டிய பிளாஞ்சுதான், நல்ல பிளாஞ்சு. மெசின் வேலையில் ஒரு குறையும் இல்லை. ரேப்பைக் கிழித்துப் பார்த்தபோது பல இடத்தில் கஸ்கெற் நாடா மூலைக்கு நாலு விரல் முன்பே நின்றுவிட்டிருந்தது. கிளிப் சுவர்ப் பக்கத்தில் ஒன்றுகூட இல்லை. மூலைகளை உள்ளிருந்தும் வெளியிலிருந்தும் அடைத்து, கிளிப் போட்டு, றப்பர்த் தொப்பி ஒட்டினோம். நாலு பேர், மூன்று நாள். ஊதுபத்தி இரண்டு பெட்டி முடிந்தது. ஒரு மூட்டு மட்டும் கொங்கிறீற் வளைக்கு மேலே போய்ச் சொருகிக் கிடந்தது, கை போகாது, கண்ணாடியில் பார்க்கத்தான் முடிந்தது. அது ஆவணி, புரட்டாதியில் இன்னும் இரண்டு சொட்டுப் போடும். அதற்கு நேர் கீழே மண்டபக்காரர் இப்போது ஒரு பெரிய பூச்சாடி வைத்திருக்கிறார்.